அகலமான கதவு

உறையூரில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை வாங்கி, புதுப்பித்து, லாபத்துக்கு விற்றுவிடலாம் என்று முதன்முறையாக இறங்கியிருந்தார்கள் ஜெஸ்வினும் அவன் மனைவி பிரான்சியும்.

பாதி வேலையில் ஜெஸ்வின் வாசற்படியை இடித்துச் சரிவாக்கினான். கதவுகளை அகலப்படுத்தினான். பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்தான்.

"இப்படிச் செஞ்சா யாருங்க வாங்குவா?" என்று எரிந்து விழுந்தாள் பிரான்சி.

ஆனாலும் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். ஜெஸ்வின் தரமுடியாது என்றுவிட்டான்.

"விக்கத்தானே வாங்கினோம்? உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

அவன் உடைந்து அழுதான்.

"நீ அடிக்கடி தடுக்கி விழுறேன்னு டாக்டர்கிட்ட போனோமே... சத்துக் குறைவுன்னு நான்தான் பொய் சொன்னேன். இனி கொஞ்ச நாள்ல உன்னால நடக்க முடியாதாம், பிரான்சி. நம்ம மாடி வீட்டுக்கு வீல்சேர் ஏறாதும்மா."