ஸ்டெல்லா வராத ஏரி

"ரிப்போர்ட்ல இருந்து ஸ்டெல்லா பேரை எடுத்துடப் போறேன்" என்றாள் ரக்ஷிதா.

கிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கைக்கு?" என்றான் உள்ளூர் ஹிந்தியில். "எதுக்குத் திடீர்னு?"

"திடீர்னா? மூணு பேர் சேர்ந்து செய்யற புராஜெக்ட். ஏரியில இறங்கறது நீயும் நானும். கொசுக்கடி நமக்கு. மகாராணி ஒரு நாளாவது வந்தாளா?"

வரவில்லைதான்.

மூன்று பேருக்கும் சுற்றுச்சூழல் படிப்பில் கடைசி வருஷம். ஊரோரத்து ஏரி ஒன்றில் கட்டியிருந்த வீடுகளைப் போன வருஷம்தான் இடித்துத் தள்ளியிருந்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் எப்படி இருக்கிறது, பறவைகள் வருகின்றனவா என்று பார்த்து எழுத வேண்டும். "ஏரிக்குப் போகாதவங்க பேர் ரிப்போர்ட்ல இருக்கக் கூடாது" என்று ஜெயராம் சார் கறாராகச் சொல்லிவிட்டார். பேர் இல்லையென்றால் மார்க் இல்லை. மார்க் இல்லையென்றால் டிகிரியே இல்லை.

ரக்ஷிதாதான் குழுவுக்குத் தலைவி. அப்பாவின் மாற்றலோடு கோயம்புத்தூரிலிருந்து செகந்திராபாத் பக்கத்து ஹப்சிகுடாவுக்கு வந்தவள். "மூணாங் கிளாஸ்ல படிச்ச ஈ.வி.எஸ்ஸையா காலேஜுக்குப் போய்த் திரும்பப் படிக்கறே?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அந்த ரோஷத்திலேயே விழுந்து விழுந்து படிப்பவள். அவளிடம் போய் ஒருத்தி ஏனோதானோவென்று இருந்தால் சும்மா விடுவாளா?

"மேப் அவதானே போட்டுக் குடுத்தா?" என்றான் கிரி மெதுவாக.

"அதான் எனக்கு இன்னும் எரியுது! ஏரிப் பக்கமே வராதவ, மழைக்காலத்துல தண்ணி எது வரைக்கும் ஏறும்னு கோடு போட்டுக் காட்டறா. நெட்ல எங்கயோ சுட்டிருக்கா."

மேப் மட்டுமா? முடிவுரையும் ஸ்டெல்லா எழுதியதுதான். 'ஏரிக்குள் வீடு கட்டியது தப்பு. ஏரியின் இடத்தை ஏரிக்கே திருப்பித் தந்ததுதான் நியாயம்' என்று முடித்திருந்தாள்.

"ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு நியாயம் எழுதறது சுலபம்" என்று பொரிந்தாள் ரக்ஷிதா.

மத்தியானம் கேன்டீனில் ஸ்டெல்லாவை மடக்கிவிட்டாள். ஸ்டெல்லா, செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரிட்டயரான பிறகு எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

"ஏரிக்கு எப்பத்தான் வரப் போறே?"

"நான் பர்ஸோ அங்கதான் இருந்தேன், ரக்ஷி."

"பர்ஸோவா? முந்தாநாள் ஞாயித்துக்கிழமை. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அங்கதான் கிடந்தோம். நீ எந்த ஏரியில இருந்தே? வாய் கூசாமப் பொய் சொல்றியே!"

ஸ்டெல்லா ஏதோ சொல்ல வந்தாள்.

கிரிதான் குறுக்கே விழுந்தான். "அரே, இந்த ஊர்ல பர்ஸோன்னா முந்தாநாள் மட்டும் இல்ல ரக்ஷிதா. போன மாசமும் பர்ஸோதான், போன வருஷமும் பர்ஸோதான். எங்க தாய்மாமா பையன் காலேஜ் போறான், அவர் இன்னும் 'பர்ஸோதானே கல்யாணம் ஆச்சு'ங்கறார்!"

"அந்தக் கதையெல்லாம் நக்கோ, வேண்டாம்!" கோபத்தில் ரக்ஷிதாவுக்கும் அந்த ஊர் பாஷை வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில நீ ஏரிக்கு வரணும். வரலைன்னா பேர் இல்ல."

"ஹவ், சரி, வர்றேன்" என்றாள் ஸ்டெல்லா.

சொன்னபடி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மற்ற இருவருக்கும் முன்னால் நடந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. கருவேல மரத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினாள்.

"இப்படி ஒரு வழி இருக்கா? இத்தனை நாளா நாம ஊரைச் சுத்தியில்ல வந்தோம்!" என்றான் கிரி.

அப்படியானால் இவள் இங்கே வந்திருக்கிறாள். அது ரக்ஷிதாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் குறையவில்லை, ஏறியது. தனியாக வரத் தெரிந்தவளுக்கு எங்களோடு வர மட்டும் என்ன கேடு?

தண்ணீர் ஓரத்தில், சேற்றுக்கு நடுவே, உடைந்த சிமென்ட் படி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளை டைல்ஸ் தரை. அதன் மேல் ரெண்டு நாமக்கோழிகள் சாவகாசமாக நின்றிருந்தன.

"அங்க போய் நின்னு தண்ணி எடு. ஃபோட்டோ எடுத்துக்கறேன். நீ வந்ததுக்கு சாட்சி வேணுமில்ல?" என்று பாட்டிலை நீட்டினாள் ரக்ஷிதா.

ஸ்டெல்லா பாட்டிலை வாங்கிக்கொண்டாள். படிக்கு முன்னால் போனதும் நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு? ஆணி, கண்ணாடி எல்லாம் கிடக்குது. செருப்பைப் போடுடி!"

அதற்குள் ஸ்டெல்லா படியேறிவிட்டாள். நாமக்கோழிகள் விலகித் தண்ணீரில் இறங்கின. அவள் வெறுங்காலோடு டைல்ஸ் மேல் நின்று, இவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நக்கோ ரக்ஷி. வீட்டுக்குள்ள செருப்புக் காலோட வந்தா எங்கம்மா திட்டும்."