செருப்பு மூட்டை

"வாசல்ல கால் வைக்க எடமிருக்கா பாஸ்டரே? உங்க ஆண்டவர் செருப்ப உள்ள விட மாட்டாராக்கும்?" என்று கீழ்வீட்டு விசாலம் கத்த, மாடியை வாடகைக்கு எடுத்து ஜெபக்கூடம் நடத்தும் அருமைநாயகம், "மன்னிச்சுக்குங்கம்மா, அடுத்த வாரம் ஒண்ணுகூடக் கெடக்காது" என்றார். சொன்னபடியே செய்துவிட்டார், அதுதான் வினை. சிறுபான்மையினர் வழிபாட்டுக்கு அரசு இடம் ஒதுக்குகிறது என்று கேள்விப்பட்டு ஜெபக்கூடத்தார் மனுப் போட்டிருந்தார்கள். நிஜமாகவே ஆள் கூடுகிறதா என்று பார்க்க அந்த ஞாயிறே வருவாய் ஆய்வாளர் வந்தார். மாடியில் எல்லோரும் கண்மூடி மௌன ஜெபத்தில் இருந்தார்கள். செருப்பெல்லாம் மேலே ஒரு சாக்குக்குள். படியேறச் சோம்பல்பட்ட மனிதர், வெறிச்சோடிய படியைப் பார்த்து, "யாருமே வர்றதில்ல போல" என்று வண்டியைத் திருப்பினார். எதிர்வாசலை இரண்டாம் தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்த எனக்கே பதறியது. விசாலம் விடுவிடுவென மேலே போய், சாக்கை இழுத்துவந்து அவர் காலடியில் கவிழ்த்தாள். "யாருமில்லையா? நல்லா பாருங்க சார். வாராவாரம் நான் படுற பாடு உங்களுக்கென்ன தெரியும்?" அவர் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறினார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜெபக்கூடத்துக்கு இடம் கிடைத்தது. முதல் ஆராதனையில் அருமைநாயகம் கலெக்டருக்கு நன்றி சொன்னார், அடுத்து விசாலத்துக்கு. "என் பேர எதுக்கு அங்க இழுக்குறாரு?" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சலித்துக்கொண்டாள். தை பிறந்ததும் மகனோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். ஞாயிறு ஜெபத்தில் இன்றும் அவள் சுகத்துக்குத்தான் முதலில் வேண்டுகிறார்கள். கலெக்டர் பெயரை எப்போதோ விட்டுவிட்டார்கள்.