நோயாளியிடம் சொல்லப்பட்டதா?

சிகிச்சையில் நேரும் தவறுகளை எழுதிக் கொடுக்க எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே படிவம் என்று ஆன முதல் வாரம். மூன்றாம் கட்டில் பெரியவருக்கு இரண்டு மடங்கு மருந்தை ஊசியில் ஏற்றிவிட்ட நர்ஸ், எதையும் மறைக்காமல்தான் எழுதினாள். ‘நோயாளியிடம் சொல்லப்பட்டதா?’ என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும், சொல்லாமலேயே ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டு மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மனது கேட்கவில்லை. மறுநாள் காலை ஊசித் தட்டோடு நேரே அவரிடம் போனாள்.

“ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அதான் நேத்து சாயங்காலமே சொல்லிட்டீங்களே சிஸ்டர். இந்த ஸ்டூல்ல உக்காந்து அப்படி அழுதீங்க.”

“நான் மதியமே வீட்டுக்குப் போயிட்டேனே! மருந்து கூடிப்போச்சுன்னு நானா சொன்னேன்?”

“ஆமா. அத அப்பவே மன்னிச்சிட்டேன்.” பெரியவர் தட்டைப் பார்த்தார். “இன்னைக்குப் போடப்போற ஊசிக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்டீங்க. அதுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல.”