சாருக்கு மட்டும் மெதுவா

"பெரியவரு போயிட்டாரு மேடம்!"

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஆபீஸ் வாசலில் நின்றான் எபினேசர். பெரியவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவனுக்கு வேலை.

ஆபீஸைக் கவனிக்கும் கிறிஸ்டினா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ஐயோ! எப்டிண்ணா?"

"நேத்தே உடம்பு நெருப்பா கொதிச்சிக்கினு இருந்துச்சு. எண்ணெ ஊத்திப் பாத்தேன், கேக்கல. காலைல பெருசா ஒரு மூச்சு உட்டாரு. அவ்ளோதான்."

துக்கத்தைவிட அவனுக்குப் பயம்தான் அதிகம். முதலாளி அன்புசெல்வன் நெஞ்சு வலி வந்து பிழைத்தவர். போன மாதம் இவன் போனில் "சார், குடோன் எரியுது" என்று பட்டென்று சொல்ல, மனிதர் மயங்கி விழுந்துவிட்டார். எரிந்தது வாசலில் இருந்த குப்பைத் தொட்டி. இன்னொரு தடவை இப்படிச் சேதி சொன்னால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம். பேஜாராப் பூடும்."

"சார் உங்களைத்தான் கேப்பாரு. நான் சொல்லித் தரேன், வாங்க."

தகவலை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சென்னையில் நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு நேற்றுதான் திரும்பியிருந்தாள். கற்றதைக் காட்ட அவளுக்குக் கை பரபரத்தது.

"ஒரே சேதிதாண்ணா. ஆனா யாருக்குச் சொல்றோம், எதுக்குச் சொல்றோம்னு பாக்கணும். ஒர்க்கருக்கு இன்னா வேணும்? வேலை இருக்கா, இல்லியா?" என்றபடியே வாட்ஸாப் குரூப்பில் தட்டினாள். 'பெரியவர் போய்விட்டார். இன்று ஷிப்ட் இல்லை.'

அடுத்து சரக்குக்குக் காத்திருந்த பார்ட்டிக்கு மெயில். அதில் பெரியவர் பேச்சே இல்லை. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம், மன்னிக்கவும், அவ்வளவுதான்.

"சாருக்கு?"

"சாருக்கு மட்டும் மெதுவா. மனசுக்குச் சொல்லணும். டெக்னிக்கலா ஒரு வார்த்தை வரக் கூடாது."

எபினேசர் கர்த்தரை வேண்டிக்கொண்டு போனை எடுத்தான்.

"சார், உக்காந்துகினு இருக்கீங்களா? தண்ணி குடிங்க சார். நம்ம பெரியவரு நம்மள உட்டுப் போயிட்டாரு சார். எவ்ளோ வருசம் நமக்காக உழைச்சாரு! கடைசி மூச்சுகூட நம்ம ஷெட்லதான் சார் உட்டாரு."

மறுமுனையில் விம்மல் கேட்டது. "யாரும் கை வெக்காதீங்க. நான் வரேன்."

மயங்கவில்லை, திட்டவில்லை. எபினேசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிறிஸ்டினாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சென்னையில் அன்புசெல்வன் நைனாவின் நம்பரை அழுத்தினார். அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். தொடர்பு கிடைக்கவில்லை. ஊத்துக்கோட்டை வயலுக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பியவர், தான் தொடங்கிய கம்பெனியைப் பார்க்க வேண்டும் என்று அங்கே போயிருக்கிறார் போல! அன்புசெல்வன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மதியம் கம்பெனி கேட்டுக்குள் ஐஸ் பெட்டி வண்டி நுழைந்தது. பின்னாலேயே மேளம் வந்தது, ஆள் உயர ரோஜா மாலை வந்தது.

"பெரியவரு மேல சாருக்கு இவ்ளோ பாசமா!" எபினேசர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பயிற்சி வீண்போகவில்லை என்று கிறிஸ்டினாவும் நெகிழ்ந்து நின்றாள்.

அன்புசெல்வன் காரிலிருந்து இறங்கி, "நைனா!" என்று அலறிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினார். உள்ளே நாலா பக்கமும் பார்த்தார். ஒன்றும் புரியாமல் நின்றார்.

பின்னாலிருந்து வயல் சேறு படிந்த ஒரு கை அவர் தோளைத் தட்டியது.

"குரூப்புல பாத்துட்டு நானும்தான் ஓடியாந்தேன். அதுக்குன்னு, ஒரு பிரஸ் மெஷினு நின்னதுக்கா ஐஸ் பொட்டி எடுத்தாந்த?"