உட்காருவதில் ஒழுங்கில்லாத வண்டி

"உட்கார்றதுல ஒரு ஒழுங்கே இல்லைங்க. அதைத்தான் சரி பண்ணணும்," என்றார் துணை மேலாளர், வண்டியின் முன்பக்கத்தைக் காட்டி.

பன்னிரண்டு வயதான பெரிய எஸ்யூவி. சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பைகள் தாங்குகிற ரகம். பையில் காற்று இருக்கும்வரை ராஜநடை. இறங்கிவிட்டால் மூக்கு தரையைத் தொடப் பார்க்கும்.

மெக்கானிக் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நிறுத்தி எவ்வளவு நேரத்துல இறங்குது, சார்?"

"அதுதான் பிரச்சினையே. முன்னெல்லாம் மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம். இப்போ ஒரு நாள் அஞ்சு, ஒரு நாள் அரை மணி நேரம்." சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்து நீட்டினார். தேதிவாரியாக நிமிடங்கள். வெயிலில் நிறுத்தியது, நிழலில் நிறுத்தியது என்று தனித்தனிக் குறிப்பு.

மெக்கானிக்குக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. 'என்னமோ சத்தம் வருது, பாருங்க' என்று சாவியை மேஜையில் போட்டுவிட்டுப் போகிறவர்களையே பார்த்துச் சலித்தவர் அவர்.

"பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டலையா?"

"காட்டினேன். இந்தப் பையெல்லாம் தொல்லை, கழட்டிட்டுச் சாதா ஸ்பிரிங் போட்டுடலாம்னாங்க. அந்த நிமிஷமே வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். ஸ்பிரிங் போட்டா அப்புறம் இந்த வண்டியை வெச்சுக்கிட்டு எனக்கு என்ன பிரயோஜனம்?"

மெக்கானிக்குக்குக் கண் கலங்காத குறை. இந்தக் காலத்தில் வண்டியை இப்படி நேசிக்க ஓர் ஆள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு எங்க கம்பெனி தலைவர் வர்றார். வாசல்ல எங்க எல்லார் வண்டியும் வரிசையா நிக்கும். போன மாசம் அவர் முன்னால இது என் மானத்தை வாங்கிடுச்சு. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நான் தலை தூக்க முடியாது."

சொல்லி வாய் மூடவில்லை, செல்போன் அடித்தது. திரையைப் பார்த்ததும், உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து விருட்டென்று எழுந்தார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இடுப்பு வளைந்து, "சொல்லுங்கய்யா, ஆமாங்கய்யா, தலைவர் சொன்னா சரிதாங்கய்யா," என்று சுவரைப் பார்த்துக் குழைந்தார். பேசியது தலைவர்கூட இல்லை, தலைவருடைய டிரைவர்.

பட்டறையின் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்கும் மெக்கானிக்கின் தங்கை ஸ்கேனரும் கையுமாக வந்து, அண்ணன் காதில் கிசுகிசுத்தாள். "அண்ணே, வண்டியை விட இவருக்குத்தான் சஸ்பென்ஷன் போயிருக்கு."

"சும்மா இரு. மானஸ்தன் பாவம்."

அவர் ஆட்டோ பிடித்துப் போனதும் அண்ணனும் தங்கையும் வேலையில் இறங்கினார்கள். உயரம் பார்க்கும் சென்சார்கள் சரியாக இருந்தன. காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிக் கொதித்துப் போயிருந்தது. பைகளின் மடிப்பு மடிப்பாகச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட இல்லை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இறங்குதுன்னா பையில தப்பு இல்லண்ணே. ரெண்டுக்கும் காத்தைப் பிரிச்சு விடுற வால்வுப் பெட்டியைப் பாரு," என்றாள் தங்கை.

அங்கே தெளித்ததும் நுரை கொப்பளித்துக்கொண்டு வந்தது. உள்ளே துரு, தூசி. தூசி வால்வில் சிக்கினால் காற்று வேகமாகக் கசியும். நகர்ந்துவிட்டால் மெதுவாகக் கசியும். டைரியின் புதிருக்கு விடை கிடைத்தது.

அந்தப் பழைய மாடலுக்கு வால்வுப் பெட்டி லேசில் கிடைக்கவில்லை. மெக்கானிக் பைக்கை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தார். ஏழாவது கடையில் பிரிக்காத பெட்டி ஒன்று அகப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் நின்றுகொண்டே சாப்பிட்டார். ஆறு மணிக்கு வண்டி நிமிர்ந்து நின்றபோது, தரையிலிருந்து சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்து அளந்து, தகரக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, இஸ்திரி கலையாத சட்டையோடு துணை மேலாளர் வந்து இறங்கினார்.

"நீங்களே அளந்து பாருங்க, சார்." மெக்கானிக் டேப்பை அவர் கையில் கொடுத்தார். "பதினாலு மணி நேரம் ஆச்சு. ஒரு நூல் இறங்கல. இனிமே மூணு நிமிஷம் இல்ல, மூணு மாசம் நிறுத்தி வெச்சாலும் இப்படியேதான் நிக்கும்."

துணை மேலாளர் அளக்கவில்லை. முகம் வெளுத்து, பானெட்டில் கை ஊன்றிக்கொண்டார். பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அதைக் கீழே அழுத்திப் பார்த்தார். வண்டி அசைந்து கொடுத்துவிட்டுப் பழையபடி நிமிர்ந்தது.

"என்ன சார், சந்தோஷம்தானே?" என்றார் மெக்கானிக்.

"யாருய்யா உங்களை இதை நிமிர்த்தச் சொன்னது?" என்றார் துணை மேலாளர். "போன வருஷம் தலைவர் எதிர்ல வந்து நின்னப்போ இது தானா முன்பக்கம் குனிஞ்சுச்சு, 'உன் வண்டிக்குக்கூட மரியாதை தெரியுதே'ன்னு அங்கேயே என்னைத் துணை மேலாளர் ஆக்கினார். போன மாசம் அவர் தாண்டிப் போற வரைக்கும் விறைச்சுக்கிட்டு நின்னுட்டு, பின்னாடி வந்த தோட்டக்காரனுக்குக் குனிஞ்சுது. அந்த நேரத்தைச் சரி பண்ணித் தாங்கன்னுதானே கொண்டு வந்தேன்?"