பச்சை வரும்வரை

"நாய்க்கு மனசு வரும்வரை காத்திருப்போம், கூடுதல் கட்டணம் இல்லை" என்பதுதான் நாய்களைப் படமெடுக்கும் ஜெனிட்டாவின் ஸ்டுடியோ விளம்பரம். அங்கே நாய்க்கு மாட்டும், அதன் மனநிலையை விளக்கு நிறத்தில் காட்டும் கழுத்துப்பட்டை சிவந்தால் நாய் பயந்திருக்கிறது என்று அர்த்தம். பச்சையானால்தான் கேமரா படமெடுக்கும்.

இன்று வந்த தம்பதியின் நாய்க்கு மிக்சர் என்று பெயர்; வந்ததிலிருந்து அதன் பட்டை சிவப்புதான். பிஸ்கட், பந்து எதுவும் பலிக்கவில்லை. கடைக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்று ஜெனிட்டா இன்னொரு பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தாள்.

"புது இடம்ல, அதான்" என்று சிரித்த கணவர், போன் வந்ததும் கீழே இறங்கிப் போனார். பட்டை பச்சையானது. மிக்சர் வாலாட்டியது.

"சார் வந்துடட்டும் மேடம், எனக்கு அவசரமே இல்ல" என்றாள் ஜெனிட்டா.

மனைவி கதவையே பார்த்தாள். "அவர் வர்றதுக்குள்ள எடுத்துடுங்க."

கேமராவைத் தூக்குவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டை மறுபடி சிவந்தது. அந்தப் பெண் அவசர அவசரமாகச் சிரித்த முகத்தை வைத்துக்கொண்டாள்.