மூன்றாவது டிரையல் ரூம்

புத்தகத்தைத் திறப்பவர் தம் சிறைக்கதவையே திறக்கிறார். ஆனால் துணிக்கடையின் மூன்றாவது டிரையல் ரூமில் புத்தகத்தை முழுசாகத் திறக்க முடியாது. முழங்கை கண்ணாடியில் இடிக்கும். விற்பனைப்பெண் அதைப் பாதி திறந்து மடியில் வைத்திருக்கிறாள். காலையிலிருந்து நின்ற கால்கள் இந்த முக்காலியில்தான் முதல்முறையாக மடங்கியிருக்கின்றன. வேலை நேரத்தில் ஊழியர்கள் உட்காரக்கூடாது என்பது கடைச்சட்டம். டியூப் லைட் விட்டுவிட்டு எரிகிறது. மூன்று பக்கக் கண்ணாடியிலும் மூன்று பேர் அவளோடு சேர்ந்து படிக்கிறார்கள். ஒருத்தி முகத்திலும் களையில்லை. பத்தாவதோடு நின்ற படிப்பை இப்படி ஒளிந்து ஒளிந்து தானே முடித்து, பரீட்சை எழுதி, இந்தக் கடையை விட்டே போய்விட வேண்டும் அவளுக்கு. பின்னட்டைப் படத்தில் நூலாசிரியர் சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உழைப்பைப் பற்றி யோசிக்கிறார். "இன்னொரு தடவை உன் கையில புத்தகத்தைப் பார்த்தேன், அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்று சூப்பர்வைசர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார். இப்போது அவருடைய சாவிக்கொத்தின் சத்தம் திரைக்கு வெளியே வந்து நிற்கிறது.

"உள்ள யாருங்க? ரொம்ப நேரமாச்சே?"

அவள் தொண்டையைச் செருமி, பெரிய வீட்டம்மா குரல் ஒன்றை வரவழைக்கிறாள். "சைஸ் சரியா அமையலைங்க. ரெண்டு நிமிஷம்."

"நிதானமாப் பாருங்க மேடம். அவசரமே இல்லை."

மேடம்! கண்ணாடிகளில் மூன்று பேரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவள் பக்கத்தைப் புரட்டுகிறாள். வெளியே சாவிக்கொத்து நகரவில்லை.

திரை முழங்காலோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, கடை ஊழியர்களுக்குக் கொடுத்த மஞ்சள் செருப்பு இரண்டும் தெரிகின்றன.